லகுண்ட்ரியின் பவளப்பார்: ஒரு நிலநடுக்கம் ஓர் அலையை என்ன செய்தது?

இந்தோனேசியாவின் நியாஸ் தீவில், லகுண்ட்ரி விரிகுடாவில் உருளும் அலை 2005 நிலநடுக்கத்துக்குப் பிறகு முன்னைவிடச் சிறப்பாகிவிட்டது என்று அலைச்சறுக்குக்காரர்கள் சொல்வது வழக்கம். அது பொய்யில்லை, ஆனால் பாதிக் கதைதான். அலை எந்த நாட்களில் மாறியது, எந்த நாட்களில் மாறவே இல்லை, அதற்காக யார் என்ன இழந்தார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. பூமி ஒரே இரவில் கடல்தளத்தைச் சில அடி தூக்கிவிட்டது. காற்று, ஓதம் (கடல்நீரின் ஏற்றமும் வற்றமும்), தென்கடல் புயல்கள் எல்லாம் முன்பிருந்தபடியே இருந்தன. எந்த ஆய்வுக்கூடத்திலும் இப்படி ஒரு சோதனையை நடத்த முடியாது. அதனால்தான் லகுண்ட்ரியை நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இடமும் ஊரும்

சுமத்ராவின் மேற்குக் கரையிலிருந்து சுமார் 125 கி.மீ. தள்ளி, பூமத்திய ரேகைக்குச் சற்றே வடக்கில் இருக்கிறது நியாஸ். மேதான் நகரிலிருந்து சிறிய விமானத்தில் ஒரு மணி நேரப் பயணம். இல்லையென்றால் சிபோல்கா துறைமுகத்திலிருந்து இரவுக் கப்பல். விமான நிலையமும் பெரிய மருத்துவமனையும் வடகிழக்கில் குனுங்சித்தோலி பக்கம் இருக்கின்றன. அலையோ தீவின் தென்கோடியில். நடுவில் நூறு கி.மீ.க்கு மேற்பட்ட சாலை, ஏறத்தாழ மூன்று மணி நேரம். பவளத்தில் மோதித் தோள்பட்டை நழுவியவரும் அந்தச் சாலையில்தான் திரும்ப வேண்டும். தொலைதூரப் பார் (கடலடிப் பவளத் திட்டு) என்று எழுதும்போது இந்த மூன்று மணி நேரத்தையும் சேர்த்தே எழுத வேண்டும்.

நியாஸுக்கு எதிரே சுமத்ராக் கரையில் பாரூஸ் என்ற பழைய கற்பூரத் துறைமுகம் உண்டு. அதையொட்டிய லோபு துவாவில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. ஐந்நூற்றுவர் வணிகக் குழுவினர் பொறித்தது. ஆக, இந்தக் கடல் தமிழ் வணிகர்களுக்குப் புதியதல்ல. பவளப்பாரில் உடையும் அலையை அவர்கள் எந்தக் கண்ணோடு பார்த்திருப்பார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கப்பலோட்டிக்கு அது விலகிச் செல்ல வேண்டிய இடம்.

தெற்கு நியாஸின் பழைய ஊர்களும் கடலை விட்டு விலகியே நிற்கின்றன. லகுண்ட்ரிக்குப் பின்னால் குன்றின்மேல் இருக்கும் பவோமத்தலுவோ அவற்றில் பெயர்பெற்றது. கல்பாவிய நீண்ட தெரு, இருபுறமும் பெரிய மரத்தூண்களின்மேல் நிற்கும் வீடுகள், நடுவே இளைஞர்கள் தாண்டுவதற்கென்று எழுப்பிய, ஆள் உயரத்தையும் மிஞ்சும் கல்மேடை. அந்தக் கல்தாண்டல் ஒரு காலத்தில் இந்தோனேசியாவின் 1000 ரூபியா நோட்டிலும் அச்சானது. போர்க்காலத்தில் காவலுக்காகக் குன்றைத் தேர்ந்தெடுத்த ஊர்கள் இவை. கரையோரம் தென்னந்தோப்பும் கொசுவுமாக ஆளரவம் குறைந்து கிடந்தது.

1975இல் கெவின் லவெட், ஜான் கீசல், பீட்டர் டிராய் என்ற மூன்று ஆஸ்திரேலியர்கள் அந்தத் தோப்பைக் கடந்து வந்து, முனையைச் சுற்றி ஒரே சீராக உடைந்துகொண்டிருந்த அலையைக் கண்டார்கள். லகுண்ட்ரியில் அலைச்சறுக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது. கீசல் அதன்பின் அதிக நாள் வாழவில்லை. நியாஸில் தொற்றிய மலேரியா உடலை உருக்கியிருந்தது. சில மாதங்களில் ஈரானில் இறந்துபோனார். இந்த அலையின் புகழைப் பேசுபவர்கள் அவர் பெயரையும் சேர்த்துச் சொல்வதுண்டு, அது சரியும்கூட.

அலை புறப்படும் இடம்

லகுண்ட்ரி அலை நியாஸில் பிறப்பதில்லை. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, தெற்கே நாற்பதாம் அட்சரேகைக்கும் அப்பால், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் தாழ்வழுத்த மண்டலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டிருக்கும். அங்கே புயற்காற்று ஒரே திசையில் பல நூறு கி.மீ. நீளத்துக்கு நீரைத் தள்ளும்போது எழும் அலைகள், புயலை விட்டு விலகியபின் ஒழுங்குபட்டு நீண்ட அலைகளாக வடக்கு நோக்கிப் பயணம் செய்கின்றன. அலைச்சறுக்குக்காரர்கள் ஸ்வெல் என்பது இதைத்தான். உள்ளூர்க் காற்றில் எழும் கொந்தளிப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஸ்வெல் வந்து சேரும் நாளில் நியாஸில் இலைகூட அசையாமல் இருக்கலாம்.

ஓர் அலைமுகடு கடந்தபின் அடுத்த முகடு வருவதற்கு எத்தனை விநாடி ஆகிறது என்பதுதான் இங்கே முதலில் பார்க்க வேண்டிய எண். ஆழ்கடலில் அலையின் நீளம் அந்த இடைவெளியின் வர்க்கத்தை ஒட்டி வளர்கிறது. 12 விநாடி அலையின் நீளம் சுமார் 225 மீட்டர். 18 விநாடி அலையின் நீளம் 500 மீட்டரைத் தொடும். அலை தன் நீளத்தில் பாதி ஆழம்வரை தளத்தை உணரும். ஆக, 18 விநாடி அலை 250 மீட்டர் ஆழத்திலேயே அடித்தளத்தைத் தொட்டு வளையத் தொடங்குகிறது. அதன் ஆற்றல் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் நகரும். புயலுக்கும் தீவுக்கும் இடையே 5500 கி.மீ. இருந்தால் நாலரை நாளில் வந்து சேரும். நீண்ட இடைவெளி அலைகள் வேகமானவை என்பதால் அவை முதலில் வரும், குறுகியவை பின்தங்கும். உயரம் குறைவாக இருந்தாலும் முகடுகளுக்கிடையே நீண்ட அமைதி தென்பட்டால், பெரிய ஸ்வெல்லின் முன்வரிசை வந்துவிட்டது என்று பொருள்.

நம் பக்கத்திலும் இதே புயல்கள் வேலை செய்கின்றன. கன்னியாகுமரிக் கடலோரத்துக்குக் கள்ளக்கடல் (முன்னறிகுறியின்றி எழும் பேரலை) எச்சரிக்கை வரும்போது சொல்லப்படும் காரணம் இதே தென்கோடி ஸ்வெல்தான். 2024 மே மாதம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அப்படி ஒரு நாளில் கடலில் போனார்கள். நியாஸில் பலகையோடு காத்திருப்பவர்களுக்கு விருந்தாக அமைவது, அறியாமல் கரையில் கால் நனைக்க நிற்பவர்களுக்கு எமனாகிவிடுகிறது.

நியாஸுக்கு வாய்த்த வசதி அதன் முன்னால் இருக்கும் ஆழம். தீவுக்கு மேற்கே சுமார் நூறு கி.மீ.யில் சுண்டா அகழி என்ற கடலடிப் பள்ளம், ஐந்து கி.மீ.க்கும் கூடுதலான ஆழத்தோடு ஓடுகிறது. கரையை ஒட்டிய அகலமான ஆழமற்ற கடலடித் திட்டு இங்கே இல்லை. வழியில் தளத்தோடு உராய்ந்து ஆற்றலை இழக்காமல் அலை கிட்டத்தட்ட முழு வலிமையோடு வாசலுக்கே வந்துவிடுகிறது. பூமத்திய ரேகைக்கு அருகே காற்றும் பெரும்பாலும் மெலிந்தது. விடியற்காலையில் நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் நிலக்காற்று அலையின் முகத்தைத் தடவி வழவழப்பாக்கும். நண்பகலுக்கு மேல் கடற்காற்று எழுந்து அதைக் கலைக்கும். வடமேற்கிலிருந்து மழைக்கோளோடு ஒரு காற்று வந்தால் அன்றைய ஆட்டம் முடிந்தது.

பாரின் வடிவம்

லகுண்ட்ரி விரிகுடா குதிரை லாட வடிவில் தெற்கு நோக்கித் திறந்திருக்கிறது. மேற்குக் கை சொராக்கே முனை. அலை உடைவது அந்த முனையின் உட்புற விளிம்பில் இருக்கும் பவளப்பாரில். தென்மேற்கிலிருந்து வரும் முகடு முனையில் ஒரு கையை ஊன்றியதுபோல் திரும்புகிறது. பார்மேல் ஏறிய பகுதி வேகம் குறைய, ஆழத்தில் இருக்கும் பகுதி முந்திச் செல்ல, முகடு முழுவதும் வளைந்து விரிகுடாவுக்குள் நுழைகிறது. 10 மீட்டர் ஆழத்தில் விநாடிக்குப் பத்து மீட்டர் ஓடும் அலை, இரண்டரை மீட்டர் ஆழத்தில் ஐந்து மீட்டர்தான் ஓடும். அந்த வேக வித்தியாசம்தான் முகட்டை ஒரே சமயத்தில் சரியவிடாமல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அவிழச் செய்கிறது. பலகைமேல் நிற்பவருக்கு அது வலப்பக்கம் ஓடும் அலை; கரையிலிருந்து பார்த்தால் இடப்பக்கம் போகும். சவாரி நூறு மீட்டருக்கும் மேல் நீளும்.

பாரின் விளிம்பு முடிந்த இடத்தில் விரிகுடா ஆழமாகிவிடுகிறது. அங்கே அலை உடையாது; சவாரி முடிந்தவர் வெளியேறும் ஆழ்வழி அது. உள்ளே போவதற்குப் பாரில் ஓர் இடைவெளி உண்டு. சாவித்துவாரம் என்று பெயர். முனையில் நடந்து, அடுத்தடுத்து வரும் அலைத்தொகுதி கடந்ததும் அதில் இறங்கினால், பின்னிழுக்கும் நீரே வெளியே கொண்டுபோய் விட்டுவிடும், தலைகூட நனையாமல். முனைக்கு அப்பால் மேற்கே இருக்கும் வெளிப்பாரில் பெரிய அலை முதலில் வெண்ணுரை காட்டும். உள்ளே காத்திருப்பவர்கள் அதைக் கண்டதும் கைகளைத் துழாவத் தொடங்குவார்கள். இப்படித் தெளிவான அறிகுறியும் நிச்சயமான வெளியேறும் வழியும் ஒரே இடத்தில் அமைவது அபூர்வம். தொடக்ககாலத்தில் வந்தவர்கள் இந்த அலையை இயந்திரம் என்று வியந்ததற்கு அடிப்படை இந்த அமைப்பு.

2005க்கு முன்பும் நல்ல அலைதான் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஸ்வெல் பெரிதாக இருக்கும்போதும் வற்றத்திலும் அது, உள்ளே ஆள் புகுந்து போகக்கூடிய குழலாகச் சுருண்டது. சிறு ஸ்வெல் நாட்களில், முக்கியமாக ஏற்றத்தின்போது, சரிவான சுவராக உருண்டு போய்விடும். உள்ளே புகுந்து மறைய முடியாத அலை. குழல் தேடி வந்தவர்கள் அந்த நாட்களில் லோஸ்மென் எனப்படும் சிறு விடுதிகளின் திண்ணையில் படுத்துக் கிடப்பார்கள்.

மார்ச் 28 இரவு

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையை உண்டாக்கிய நிலத்தட்டு முறிவு சிமெலுவே தீவருகே தொடங்கி வடக்கே அந்தமான்வரை 1300 கி.மீ. ஓடியது. அதன் தென்முனைக்கு அப்பால் இருந்த பகுதி முறியவில்லை. அதன்மேல் அழுத்தம் கூடிவிட்டது. வட அயர்லாந்தின் அல்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் மெக்லஸ்கியும் உடன் ஆய்ந்தவர்களும் இதைக் கணக்கிட்டு, சுமத்ராவுக்கு அடுத்த நிலநடுக்க ஆபத்து கூடியிருக்கிறது என்று 2005 மார்ச் 17 நேச்சர் இதழில் எச்சரித்தார்கள். பதினோரு நாள் கழித்து, மார்ச் 28 இரவு 11.09 மணிக்கு, 8.6 அளவுள்ள நடுக்கம் நியாஸையும் சிமெலுவேயையும் உலுக்கியது. குனுங்சித்தோலியின் நடுப்பகுதி சரிந்தது. நியாஸ், சிமெலுவே, பன்யாக் தீவுகளில் மொத்தம் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உறங்கிக்கொண்டிருந்தவர்கள்மேல் கான்கிரீட் கூரைகள் விழுந்த இரவு அது.

டிசம்பரைப் போன்ற ஆழிப்பேரலை இம்முறை எழவில்லை. பெருமளவு உயர்ந்த தளம் தீவுகளும் ஆழமற்ற கடலும் என்பதால், தள்ளப்பட்ட நீரின் அளவு குறைவு. அகழிக்குள் நுழையும் நிலத்தட்டின்மேல் பல பத்தாண்டுகளாக இறுகிப்போயிருந்த விளிம்பு விடுபட்டுத் துள்ளியபோது, நியாஸின் மேற்குக் கரை மேலெழுந்தது. வடமேற்கில் உயர்வு மூன்று மீட்டரை நெருங்கியது. தீவுக்கும் சுமத்ராவுக்கும் இடையே ஒரு பட்டை ஒரு மீட்டர் வரை தாழ்ந்தது. தெற்கே போகப்போக உயர்வு குறைந்தது. லகுண்ட்ரிக்குக் கிடைத்தது சில அடிகள் மட்டுமே.

இந்த உயரங்களை அளந்த விதம் தனியாகச் சொல்லத் தகுந்தது. நுண்பவளத்திட்டு என்று ஒரு வடிவம் உண்டு. பொரைட்டிஸ் இனப் பவளம் ஓரிடத்தில் குமிழாக வளர்ந்து, ஆண்டின் மிகத் தாழ்ந்த வற்றத்தின் நீர்மட்டத்தை எட்டியதும், வெயில்பட்ட உச்சி செத்துவிடும். உயிருள்ள விளிம்பு பக்கவாட்டில் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் வளர்ந்துகொண்டே போகும். மேல்பகுதி தட்டையாக, விளிம்பு வட்டமாக, ஒரு மேசைபோல் ஆகிவிடும். தளம் உயர்ந்த மறுநாளிலிருந்து அதன் பக்கச்சுவரிலும் ஒரு பட்டை சாகத் தொடங்கும். வாரங்களில் வெளுத்து, பழுப்புநிற உயிர்ப்பகுதிக்கு மேலே நேர்கோடாகத் தெரியும். அந்த வெண்பட்டையின் உயரத்தை அளவுகோல் வைத்து அளந்தால், அந்த இடம் எவ்வளவு எழுந்தது என்பது சென்டிமீட்டர் கணக்கில் கிடைத்துவிடும். அமெரிக்காவின் கால்டெக் ஆய்வுப் பல்கலைக்கழகத்தின் கெரி சீயும் இந்தோனேசிய விஞ்ஞானி டேனி நத்தாவிட்ஜாஜாவும் அவர்கள் குழுவினரும் இந்தக் கரைகளில் இப்படித்தான் அளந்தார்கள். பவளத்தை அறுத்து வளையங்களை எண்ணினால், நடுக்கத்துக்கு முந்தைய பத்தாண்டுகளில் தீவு எவ்வளவு தாழ்ந்துகொண்டிருந்தது என்பதும் தெரியும்.

சில அடியின் கணக்கு

அலை தன் உயரத்தைவிடச் சற்றுக் கூடுதலான ஆழத்தில் உடையும். ஆழத்தின் முக்கால் பங்கை உயரம் எட்டும்போது முகடு நிற்க முடியாமல் கவிழும் என்பது பொதுவான கணக்கு. செங்குத்தான பாரில் இன்னும் ஆழம் குறைந்த இடம்வரை தாக்குப்பிடிக்கும். சரிவான மணல்தளத்தில் முகடு நுரைத்து வழிந்து இறங்கும். திடீரென ஆழம் குறையும் விளிம்பில் உதடு முன்னே எறியப்பட்டு குழல் உண்டாகும். லகுண்ட்ரியின் பார்விளிம்பு இரண்டாம் வகை.

உயர்வு 0.6 மீட்டர் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஒன்றரை மீட்டர் அலை ஏறத்தாழ 1.9 மீட்டர் ஆழத்தில் உடையும். அந்த இடத்தில் தளம் 0.6 மீட்டர் எழுந்தால், அலைக்குக் கிடைக்கும் நீரில் மூன்றிலொரு பங்கு பறிபோகிறது. முன்பு விளிம்பைத் தாண்டி உட்பகுதியில் சோர்ந்து உருண்ட அலை, இப்போது விளிம்பிலேயே தடுக்கி விழுகிறது. இரண்டு மீட்டர் அலைக்கு இழப்பு கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. ஆறு மீட்டர் அலையோ எட்டு மீட்டரை ஒட்டிய ஆழத்தில், வெகுதூரம் வெளியே உடையும், அங்கே 0.6 மீட்டர் என்பது நூற்றுக்கு எட்டு. அந்த அலைக்கு நிலநடுக்கம் நடந்ததே தெரியாது என்று சொல்லிவிடலாம்.

ஆக, 2005 மாற்றியது சிறிய, நடுத்தர நாட்களைத்தான். பெரிய அலை வரும் பெருநாட்கள் முன்பும் அப்படித்தான் இருந்தன. ஒரு பருவத்தில் சிறிய, நடுத்தர ஸ்வெல் நாட்களே பெரும்பான்மை என்பதால், குழல் கிடைக்கும் நாட்களின் எண்ணிக்கை கூடியது. வருபவர்கள் கண்ணுக்கு அலையே மேம்பட்டதாகத் தோன்றுகிறது. அலையின் உச்சத் தரம் உயர்ந்ததா என்று கேட்டால், என் கணக்குக்கு அப்படித் தெரியவில்லை. சராசரிதான் உயர்ந்தது.

ஓதத்தை வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். இந்தக் கடற்பகுதியில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்ட வேறுபாடு ஒரு மீட்டருக்குள்தான். அப்படியானால் அரை மீட்டரைத் தாண்டிய உயர்வு என்பது பழைய நடுமட்டத்தைப் பழைய வற்றமாக மாற்றுவதற்குச் சமம். முன்பு ஒரு நாளில் சில மணி நேரமே கிடைத்த நிலைமை இப்போது பொழுதின் பெரும்பகுதியில் கிடைக்கிறது. புதிய வற்றமோ முன்பு எப்போதும் இல்லாத நிலை: பார் வெளியே தலைகாட்டுகிறது, குழலின் அடியில் முழங்கால் நீர்தான். பழைய லகுண்ட்ரியில் தவறி விழுந்தவர் மூச்சுமுட்டி மேலே வந்தார். இப்போது முதுகில் பவளக் கீறலோடு வருகிறார்.

எல்லாப் பாருக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. வடமேற்கில் இரண்டு மூன்று மீட்டர் உயர்ந்த கரைகளில் பார் ஒரேயடியாக நீருக்கு வெளியே வந்துவிட்டது. அலை உடைய இடமே இல்லாமல் போனது. லகுண்ட்ரி உயர்வுப் பட்டையின் மெலிந்த ஓரத்தில் இருந்ததால் தப்பியது. இன்னும் நூறு கி.மீ. வடக்கில் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இருந்திருக்காது.

கரையில் இருந்தவர்கள்

நடுக்கம் அலையைப் பரிசளித்தது என்ற பேச்சில் எனக்கு ஒட்டுதல் இல்லை. உயர்ந்த பார் என்பது செத்த பார். வெளியே தள்ளப்பட்ட பவளம் வெயிலில் வெந்து நாறியது. அதில் வாழ்ந்த நத்தையும் சிப்பியும் மீன்குஞ்சும் போயின. வற்றத்தில் பெண்களும் சிறுவர்களும் பாரில் நடந்து பொறுக்கும் உணவு அது. வடக்கில் தோணித்துறைகள் நீரை விட்டு விலகி நின்றன. படகு வந்து சேர முடியாத துறையை வைத்துக்கொண்டு மீனவர் என்ன செய்வார்?

தெற்குக் கரையின் விடுதிக்காரர்கள் டிசம்பரில் ஒருமுறை அடிவாங்கி, மூன்றே மாதத்தில் மறுமுறை வாங்கினார்கள். அசே-நியாஸ் மறுசீரமைப்பு முகமை 2005 முதல் 2009 வரை செயல்பட்டு, சாலைகள், பாலங்கள், வீடுகள், விமான நிலையம் என்று கட்டியது. குனுங்சித்தோலியிலிருந்து தெற்கே வரும் பயணம் குறுகியதும் அந்தப் பணிகளால்தான். பயணிகள் கூடியதற்குப் பாரின் உயர்வு ஒரு காரணம். சாலை இன்னொரு காரணம். அலைச்சறுக்கு இதழ்கள் முதலாவதை மட்டும் எழுதுகின்றன.

2018 ஜூலை

கணக்கைச் சரிபார்க்க ஒரு பெருநாள் வந்தது. 2018 ஜூலை 24, 25 தேதிகளில் தென்கோடியின் வலுவான தாழ்வழுத்தம் ஒன்று அனுப்பிய ஸ்வெல் இந்தோனேசியாவின் தெற்கு, மேற்குக் கரைகளை அடித்தது. அந்நாட்டு வானிலை முகமை முன்கூட்டியே எச்சரித்திருந்தது. பல இடங்களில் படகுகள் நொறுங்கின. லகுண்ட்ரியில் அதுவரை யாரும் கண்டிராத உயரத்தில் அலைகள் எழுந்தன. பெரிய அலைகளுக்கென்றே பெயர்பெற்ற வீரர்கள் உலகின் பல மூலைகளிலிருந்து பறந்து வந்திருந்தார்கள்.

அன்று அலை வழக்கமான விளிம்பில் உடையவில்லை. வெகுதூரம் வெளியே, ஆழத்தில் கவிழ்ந்தது. 2005இன் சில அடிகளுக்கு அங்கே வேலையில்லை. எப்போதும் அமைதியாக இருக்கும் ஆழ்வழியையும் சில தொகுதிகள் மூடின. உறுதியான வெளியேறும் வழி என்று நான் மேலே எழுதியது அந்த நாளுக்குப் பொருந்தாது. கரையில் நுரை விடுதிகளின் முகப்புக்குள் புகுந்து மேசை நாற்காலிகளை இழுத்துச் சென்றது. சிறு நாட்களில் பாரின் உயர்வு ஒரு தடுப்பாக அலையை வெளியே உடைத்துக் கரையைக் காக்கிறது என்று ஒரு வாதம் உண்டு, அது சரிதான். பெருநாளில் அந்தத் தடுப்பின் உயரம் எதற்கும் போதாது.

இன்று அங்கே ஒரு நாளைக் கணிப்பது

முன்னறிவிப்புப் பக்கத்தில் அலை உயரத்தை மட்டும் பார்த்து டிக்கெட் எடுப்பவர்களைக் கண்டால் எனக்குப் பொறுமை போய்விடும். உயரத்துக்கு முன் இடைவெளி. 1.5 மீட்டர், 17 விநாடி என்றால் லகுண்ட்ரியில் தலைக்கு மேல் நல்ல குழல் வரும், அதே 1.5 மீட்டர் 10 விநாடியில் என்றால் சாதாரணம். திசை தெற்கிலிருந்து தென்மேற்குக்குள் இருந்தால் முனையைச் சுற்றிச் சரியாக வளையும். மேற்கே சாயச்சாய முனை அதை மறைக்கத் தொடங்கும். காற்று விடியலில் நிலத்திலிருந்து. ஒன்பது பத்து மணிவரை நம்பலாம்.

அதன்பின் ஓதம். 2005க்கு முந்தைய பழைய குறிப்புகளை எடுத்துக்கொண்டு வருபவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். வற்றத்தில் இறங்குங்கள் என்ற பழைய ஆலோசனை சிறு ஸ்வெல்லுக்கு இப்போது ஆபத்தானது. இன்று அதே நாளுக்கு நடுமட்டம் அல்லது ஏற்றம் உகந்தது. சாவித்துவாரத்தில் இறங்குமுன் கரையில் நின்று குறைந்தது இரண்டு தொகுதிகளைப் பார்க்க வேண்டும்: வெளிப்பாரில் நுரை தெரிந்ததிலிருந்து முனைக்கு அலை வர எவ்வளவு நேரம் பிடிக்கிறது, குழலின் அடியில் பாரின் நிறம் தெரிகிறதா, ஆழ்வழி அமைதியாக இருக்கிறதா. பழுப்பு தெரிந்தால் காத்திருப்பது நல்லது. கீறல் சிறிதானாலும் கடலிலிருந்து வந்ததும் பவளத் துகளைத் தேய்த்துக் கழுவ வேண்டும். வெப்பமண்டல ஈரத்தில் அது எளிதில் சீழ்பிடிக்கும். மலேரியாவுக்கு மருத்துவரிடம் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்ளாமல் போவது வீரமில்லை.

தளம் இப்போது போகும் திசை

இந்த நிலைமை நிலையானதல்ல என்பதுதான் பவள வளையங்கள் சொல்லும் செய்தி. இரு பெருநடுக்கங்களுக்கு இடையே, அகழிக்குள் நுழையும் தட்டு மேலே இருக்கும் தீவுகளின் விளிம்பைத் தன்னோடு கீழே இழுக்கிறது. தட்டு ஆண்டுக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் நகர்கிறது. அதில் ஒரு பகுதி இறுக்கமாகச் சேர, கரை ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் தாழ்கிறது. கடல்மட்டம் வேறு உயர்ந்து வருகிறது.

2005க்கு முன் நியாஸின் பெருநடுக்கம் 1861இல் நிகழ்ந்தது. அப்போதும் பார் உயர்ந்திருந்தால், 1975இல் லவெட்டும் கீசலும் டிராயும் கண்டது நூற்றுப் பதினான்கு ஆண்டுகள் மெல்லத் தாழ்ந்துபோன பாரின்மேல் உருண்ட அலை. நாம் இப்போது காண்பது எழுந்த சில பத்தாண்டுகளுக்குள் இருக்கும் பார். ஆண்டுக்கு 5 மில்லிமீட்டர் என்று வைத்தாலும், 0.6 மீட்டர் திரும்பத் தாழ 120 ஆண்டு ஆகும். பவளம் புதிதாக வளர்ந்து அந்த இழப்பில் ஒரு பங்கை ஈடுகட்டவும் செய்யலாம். நீர் சூடேறிப் பவளம் வெளுத்தால் அதுவும் நடக்காது. எது முந்தும் என்பதை அறிய சொராக்கே முனையில் விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. பார்விளிம்பின் குறிப்பிட்ட சில புள்ளிகளில் ஆண்டுதோறும் ஒரே ஓத நிலையில் ஆழம் அளந்து குறித்து வைத்தாலே போதும். தினமும் காலையில் அந்த விளிம்பின்மேல் உட்கார்ந்து அலைக்குக் காத்திருக்கும் உள்ளூர் இளைஞர்களைவிட அந்த வேலைக்குப் பொருத்தமானவர்கள் இல்லை.